மத்தி மீன் வளையம்

தங்கையின் இதயத்திலிருந்து அரை அரிசி அளவு சதையைக் கிள்ளியெடுத்து வளையம் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அகிலாண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை தையல்நாயகிக்கு அப்படியொன்றும் பயமில்லை. மயிலாடுதுறை நீதிமன்றத்தில் முப்பது வருடம் வழக்குக் கட்டுகளோடும் சாட்சிகளோடும் பழகி, தலைமை எழுத்தரான சிரஸ்தாராக உட்கார்ந்திருப்பவள் அவள். "அரை மணி நேர வேலைதான் அக்கா. கழுத்து நரம்பு வழியா ஒரு கம்பியை விட்டு எடுத்துடுவாங்களாம். இதுக்குப் போய் ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே?" என்று அக்காவைத் தேற்றினாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. நாலைந்து மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு சமதரையில் நடந்தாலே வாங்கியது. தஞ்சாவூரில் இதய மருத்துவமனையில் டாக்டர் நிலோஃபர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் சுருங்குகிறது, ஆனால் சரியாக விரிய மறுக்கிறது, நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டே வருகிறது என்றார். இப்படியே விட்டால் இரண்டு வருடம். அதற்கு மேல் அவர் உறுதி சொல்லவில்லை.

"ஏன் விறைக்குதுன்னு எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்" என்று தையல் கேட்டாள்.

நிலோஃபர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். நிதானமாகப் பேசுகிறவர்.

"இதயத் தசையில இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் மேல சின்னச் சின்ன ஏற்பிகள் இருக்கும்மா. ரிசப்டர்னு சொல்வோம். அதுல ஒரு வகை, கொழுப்பு அமிலத்தை அடையாளம் கண்டுக்கும். முக்கியமா மீன் எண்ணெயில இருக்கிற மாதிரியான நல்ல கொழுப்பை. அது ரத்தத்துல வந்து தொட்டதும் ஏற்பி உள்ள சேதி அனுப்பும். அடி பட்டாலும் தாங்கிக்கோ, தழும்பு கட்டாதே, விறைச்சுப் போகாதேன்னு."

"அப்போ அது எந்நேரமும் சேதி அனுப்பிக்கிட்டே இருந்தா நல்லதுதானே?"

"காலிங் பெல்லை அழுத்தினவர் கையை எடுக்காமலே நின்னா வீட்டுல குடியிருக்க முடியுமா? அதனால, சேதி கிடைச்சதும் செல் அந்த ஏற்பியை உள்ள இழுத்துக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுத் தேவைன்னா மறுபடி மேல அனுப்பும். இல்லன்னா உள்ளயே கரைச்சுடும். மேல எத்தனை, உள்ள எத்தனைங்கிறதை அது விடாம சரிபண்ணிக்கிட்டே இருக்கணும். உங்களுக்கு அதுதான் கெட்டுப் போச்சு. உள்ள இழுத்ததெல்லாம் வெளியே வராம தேங்கிக் கிடக்கு. கொழுப்பு வந்து தட்டுது, எழுந்து வந்து திறக்க ஆளில்ல."

இதற்கு மருந்து வந்துவிட்டது. தேங்கிக் கிடப்பதைக் கரைத்துவிட்டுப் புதிய ஏற்பிகளை மேலே கொண்டுவரும் மருந்து. சொட்டுச் சொட்டாக நாலு மணி நேரம் ஏற்ற வேண்டும். ஆனால் ஆளுக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரிய வளையம் பார்த்தாக வேண்டும்.

வளையத்தைப் பற்றி அந்தக் காலத்தில் கேள்விப்படாதவர்கள் இல்லை. ஏற்பியை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் செல்லுக்குள் மெல்லிய தடம் ஒன்று விழுகிறது. எந்த வகைக் கொழுப்பு வந்தது, எவ்வளவு வந்தது என்பதெல்லாம் அந்தத் தடத்தில் இருக்கிறது. உடம்பில் மற்ற செல்கள் செத்துச் செத்துப் புதிதாக முளைக்கின்றன. இதயத் தசையில் பெரும்பாலானவை பிறந்தபோது வந்தவைதான், கடைசி வரைக்கும். ஆகவே மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப் போல, தாய்ப்பாலிலிருந்து நேற்றுத் தின்ற வடை வரைக்கும் அடுக்கடுக்காக அங்கே படிந்திருக்கிறது. கருவியில் வைத்தால் கோடு கோடாகத் தெரிந்துவிடும்.

நோய்க்கென்று கண்டுபிடித்ததை ஊர் வேறு எதற்கெல்லாமோ எடுத்துக்கொண்டது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு வளையச் சான்றும் கேட்டார்கள். பரம்பரைச் சைவம் என்று சொன்னால் போதாது, இதயம் சொல்ல வேண்டும் என்றார்கள். ஒரு கல்யாணத்துக்காக இதயத்தில் கம்பியை விட்டுக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். அப்படிக் கேட்பது குற்றம் என்று சட்டம் வந்து நாலு வருடம்தான் ஆகிறது.

சட்டம் வருவதற்கு முன்னால் கேட்டவர்களில் அகிலாண்டமும் ஒருத்தி. மகன் ஞானவேல் தன்னோடு வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். அவர்களும் சைவம்தான் என்றான். "சைவம்னா சான்று கொடுக்கட்டுமே" என்றாள் அகிலாண்டம். அந்தப் பெண்ணும் கொடுத்தாள். பத்து வயது வரை மீன் தின்றவள் என்று வளையம் சொன்னது. அதுவரை ராமேஸ்வரத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தாளாம். சம்பந்தம் முறிந்தது. ஞானவேல் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை பேசுகிறான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான்.

இத்தனைக்கும், தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று அகிலாண்டத்துக்குத் தெரியும். தையல்நாயகி அந்த வீட்டில் பிறந்தவள் அல்ல.

பரிசோதனைக்கு முந்தின நாள் அவள் தனியாகப் போய் நிலோஃபரைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னாள். "அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன் டாக்டர். நீங்க மருந்து அளவை மட்டும் பார்த்துட்டு, பழசையெல்லாம் சொல்லாம விட்டுடலாமே."

"அந்தத் தடம் அவங்களுக்குச் சொந்தம்மா. என்னால மறைக்க முடியாது. நீங்களே இன்னைக்குச் சொல்லிடுங்க. என் வாயால கேக்குறதைவிட அது நல்லது."

சொல்லிவிடத்தான் நினைத்தாள். தஞ்சாவூரிலிருந்து திரும்பும் வழியெல்லாம் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தால் தையல் ஊஞ்சலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "வாக்கா, குருமா பண்ணலாம்னு" என்றாள். அகிலாண்டமும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முடிவு நான்காம் நாள் வந்தது. நிலோஃபர் திரையை அவர்கள் பக்கம் திருப்பவில்லை.

"தையல்நாயகி அம்மா, மருந்து கொடுக்கலாம். அதுல தடையில்ல. ஆனா ஆரம்பகால வளையத்துல ஒரு விஷயம் இருக்கு. தனியா சொல்லட்டுமா?"

"அக்காகிட்ட மறைக்க எனக்கு என்ன இருக்கு? சொல்லுங்க."

"உங்க வாழ்க்கையோட முதல் ஒண்ணேகால் வருஷம் முழுக்கக் கடல்மீன். முதல்ல தாய்ப்பால் வழியா. தினமும் மீன் சாப்பிட்ட ஒரு தாயோட பால். அப்புறம் நேராவே."

தையல் சிரித்தாள். "சாம்பிள் மாறிப் போச்சா பாருங்க. எங்க வீட்டுல முட்டைகூட வந்ததில்ல." சிரிப்பு முடிவதற்குள் அக்காவின் பக்கம் திரும்பினாள். அகிலாண்டம் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் சாட்சிக் கூண்டில் நிற்பவர்களைப் பார்த்த கண்ணுக்கு அது போதுமாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நீ வந்த அன்னையிலேர்ந்து. எனக்குப் பதினொரு வயசு."

இரண்டாயிரத்து நாலாம் வருடக் கடைசியில் கடல் பொங்கி வந்தது. கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்த அப்பா சபாநாயகம், துணியும் அரிசியும் ஏற்றிய லாரியோடு நாகப்பட்டினம் பக்கம் போனார். ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் யாரும் தேடி வராத குழந்தை ஒன்று இருந்தது. பெயர் சொல்லத் தெரியாது. எதைக் கொடுத்தாலும் துப்பியது. அப்பா திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார். மறுநாள் அம்மா அவரோடு போனாள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, முதலில் பொறுப்பில் வளர்க்க எழுதிக் கொடுத்து, சட்டப்படி பிள்ளையாக ஆக இரண்டு வருடம் பிடித்தது. வைத்தீஸ்வரன் கோயிலில் முடியிறக்கித் தையல்நாயகி என்று பெயர் வைத்தார்கள்.

அகிலாண்டம் இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கடைசியில், "என்னைப் பெத்தவங்க யாருன்னு தெரியுமா?" என்று மட்டும் தையல் கேட்டாள்.

"தெரியாது. அப்பா ரொம்ப நாள் விசாரிச்சாரு. அந்தத் தெருவே இல்லன்னாங்க."

நிலோஃபர் திரையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கும்மா. எனக்கே புரியாதது. நீங்க சொல்ற அந்த நேரத்துல பத்துப் பதினஞ்சு நாள் ஏறக்குறைய வெறுமையா இருக்கு. பட்டினி. சரி, பொருந்துது. ஆனா அதுக்கப்புறம் மறுபடி மீன் வருது. மத்தி மாதிரி எண்ணெய் நிறைய இருக்கிற சின்ன மீன். கொஞ்சம்தான், ஆனா நாள் தவறாம. ஏழு மாசம்."

"எங்க அம்மா வெங்காயம் பூண்டே கார்த்திகை மாசம் தொடமாட்டா" என்றாள் தையல். "ஏழு மாசம் யார் எனக்கு மீன் கொடுத்தது?"

"அது வளையத்துல தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியுது. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நிக்கல. ஒரே நாள்ல நின்னிருக்கு."

தையல் அக்காவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள் அகிலாண்டம்.

அது பொய். டாக்டர் 'ஏழு மாசம்' என்று சொன்ன கணத்திலேயே அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. லீவு நாட்களில் மத்தியானம் சாப்பாடானதும், தொலைக்காட்சிப் பெட்டியில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கோ கிளம்புவாள். "எங்கேம்மா?" என்றால், "ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு, இதோ வந்துடுறேன்" என்பாள். ஸ்டெல்லா டீச்சர் இரண்டு தெரு தள்ளி, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தவர். அம்மா ஒரு மணி நேரத்தில் திரும்பி, கிணற்றடிக்கு நேராகப் போய்ப் புளி போட்டுக் கை கழுவி, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். அதுவரை அம்மாவின் மத்தியானங்கள் அகிலாண்டத்துடையவை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு பழைய வார இதழில் குறுக்கெழுத்துப் போடுவார்கள். குழந்தை வந்தபின் அது நின்றுபோயிற்று. ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை அவள் அம்மாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். டீச்சர் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஓடி வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா கத்தவில்லை. செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் அவரும் அம்மாவும் கொல்லையில் நின்று ஏதோ பேசினார்கள். அடுத்த நாளிலிருந்து அம்மா அங்கே போகவில்லை.

நிலோஃபர் மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தேங்கியதைக் கரைக்கும்போது தடங்களும் கரைந்துவிடும். புதியதிலிருந்து மேல்பக்கமாக ஆரம்பித்து, ஆழத்தில் இருக்கும் பழசு கடைசியாகப் போகும். பதிவை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

"காகிதத்துல இருக்கும்" என்றாள் தையல். "என்கிட்ட இருக்காது."

"ஆமாம்மா."

"என்னைப் பெத்த பொம்பளையோடது வேற எதுவும் என்கிட்ட கிடையாது. ஒரு போட்டோகூட இல்ல." எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "ஒரு வாரம் கொடுங்க டாக்டர்."

அந்த ஒரு வாரம் அவள் அக்காவோடு அதிகம் பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. காப்பி போட்டால் இரண்டு தம்ளர் போட்டாள். அலுவலகத்துக்குப் போய்வந்தாள். புதன்கிழமை அகிலாண்டம் குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் ஒரு டப்பா இருந்தது. கடையில் வாங்கிய மத்திக் குழம்பு. தையல் தட்டில் சோற்றைப் போட்டு, ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். முகம் கோணியது. ஓடிப்போய்க் குழாயடியில் துப்பினாள்.

"பிடிக்கலக்கா" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே. குரலில் ஏமாற்றம். "குடலைப் புரட்டுது. இதயத்துக்குத் தெரிஞ்சது நாக்குக்குத் தெரியல."

சனிக்கிழமை காலை, "மருந்து ஏத்திக்கிறேன்" என்றாள். "செத்துப்போனா அந்தத் தடமும் சேர்ந்துதானே எரியப்போகுது."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஊசி குத்தினார்கள். வெளிச்சமான அறை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் அணில்கள் ஓடின. நர்ஸ் சொட்டு விழும் வேகத்தைச் சரிசெய்துவிட்டுப் போனதும் தையல் சொன்னாள்: "நாலு மணி நேரம் இருக்கு. இனிமே உன் தலைக்குள்ள இருக்கிறதுதான் மிச்சம். ஒண்ணு விடாம சொல்லு."

அகிலாண்டம் சொல்ல ஆரம்பித்தாள். குழந்தை முதலில் வந்தபோது போட்டிருந்த அளவு பெரிய பச்சைச் சட்டை. கரண்ட் போனால் அது மட்டும் அழாமல் கைதட்டும். பிளாஸ்டிக் குடத்தின் மூடியைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் போய் நிற்கும். அப்பா வங்கியிலிருந்து வரும் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் வாசலுக்குத் தத்தித் தத்தி ஓடும். ஐப்பசித் துலா நீராடலுக்குக் காவிரிக்குக் கூட்டிப்போனபோது தண்ணீரைக் கண்டதும் அம்மாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டு விடவேயில்லை. அதற்கப்புறம் மூன்று வருடம் அம்மா ஆற்றுக்கே போகவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"நல்லதாவே சொல்றே" என்றாள் தையல், கண்ணைத் திறக்காமல். "சாட்சி எல்லாத்தையும் நல்லதாவே சொன்னா, எதையோ தாண்டிப் போகுதுன்னு அர்த்தம்."

சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அகிலாண்டம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை எனக்குப் பிடிக்கல தையு. அப்போ. அம்மாவை நீ எடுத்துக்கிட்டேன்னு இருந்துச்சு. அந்த மீன் ஒரே நாள்ல நின்னுச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. நிறுத்தினது நான்தான்."

சனிக்கிழமை, ஸ்டெல்லா டீச்சர் வீடு, ஜன்னல், அப்பாவின் செய்தித்தாள் எல்லாம் சொன்னாள். ஞானவேலைக் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணைப் பற்றியும், யாரும் கேட்காமலே, சொன்னாள். "அம்மா மீன் கொடுத்து ஒரு பிள்ளையை உசிர் பிழைக்க வச்சதைக் கண்ணால பார்த்தவதான் நான். அதுக்கப்புறமும் இன்னொரு பொண்ணுகிட்ட சான்று கேட்டேன்."

நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, பாதி தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அம்மா உன்னை ஏதாவது கேட்டாளா?"

"ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்குச் சாயங்காலம் எப்பவும் போல எனக்கு ரெட்டைச்சடை பின்னி ரிப்பன் கட்டிவிட்டா. கொஞ்சம் இறுக்கிக் கட்டினாளோ என்னவோ. அவ சாகுறப்போகூட, நீ பிறந்ததைச் சொல்லாதேன்னுதான் சத்தியம் வாங்கினா. இதைப் பத்திப் பேசவே இல்ல."

"மீன் நின்னதுக்கப்புறம் நான் சாப்பிட்டேனா?"

"நாலு நாள் சாப்பிடல. அஞ்சாம் நாள் நான் தயிர்சாதம் பிசைஞ்சு கொண்டுவந்தேன். பயத்துல. நீ வாங்கிக்கிட்டே. என் கையால மட்டும்தான் வாங்கினே, ஒரு மாசம் வரைக்கும்."

தையலின் கை போர்வைக்கடியிலிருந்து வந்து கட்டில் கம்பியில் இருந்த அக்காவின் கைமேல் விழுந்தது. ஊசி குத்திய கை. அகிலாண்டம் அசையாமல் வைத்திருந்தாள்.

"அந்த ஜன்னல்ல என்ன பார்த்தே? அதை நீ சரியா சொல்லல. பார்த்தேன், ஓடிவந்தேன்னுட்டே."

உண்மைதான். அந்தக் காட்சியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம்கூட 'மீன்' என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னாள்.

"மண்ணெண்ணெய் அடுப்புல ஒரு சின்ன சட்டி. டீச்சர் ஸ்டூல்ல உட்கார்ந்து ஏதோ படிச்சிட்டிருந்தாங்க. சமைச்சது அம்மாதான், கரண்டி அவ கையிலதான் இருந்துச்சு. முந்தானையை மூக்கோட சேர்த்துக் கட்டியிருந்தா. நாத்தம் தாங்கல போல, கண்ணுல தண்ணி. நீ தரையில காலை நீட்டி உட்கார்ந்திருந்தே. அம்மா அடுப்பை அணைச்சுட்டு உன் எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்தா. மீனைப் பிட்டு முள்ளு எடுத்தா. விரலால தடவித் தடவிப் பார்த்தா. அவளுக்குத் தெரியல, பழக்கம் இல்லையே. அப்புறம் மூக்கு மேல இருந்த கட்டை அவுத்தா. பிட்ட துண்டைத் தன் வாயில வச்சு, உதட்டாலயும் நாக்காலயும் முள்ளு இருக்கான்னு பார்த்து, எடுத்து உன் வாயில வச்சா. ஒவ்வொரு துண்டையும் அப்படித்தான். நீ வாயைத் திறந்துக்கிட்டுக் காத்திருந்தே. ஒவ்வொண்ணுக்கும் அவ உன்னைப் பார்த்துச் சிரிச்சா. கண்ணுல தண்ணியோட."

வெண்டைக்காயில் புழு இருந்தால் அந்த வேளைச் சாப்பாட்டையே விட்டுவிடும் அம்மா.

பாட்டிலில் கால்வாசிதான் இருந்தது. இந்நேரம் எந்த வருடம் கரைந்துகொண்டிருக்கிறதோ. தையல் கண்ணை மூடியிருந்தாள். ஓரத்தில் ஈரம் இறங்கிக் காதுப்பக்கம் போனது.

"அக்கா."

"என்ன தையு?"

"இன்னொரு தரம் சொல்லு."

அகிலாண்டம் நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய் அடுப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.